கேடயவால் பாம்புக்குச் சரியான அறிவியல் பெயரைக் கண்டறிவது: மலைச்சாலையிலிருந்து அருங்காட்சியக அலமாரி வரை

மேற்குத் தொடர்ச்சி மலையிலும், கிழக்குத் தொடர்ச்சி மலையிலும், இலங்கையிலும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் யூரோபெல்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை நஞ்சற்றவை, குட்டி ஈனுபவை, மழை நாட்களில் மட்டும் சில மணி நேரம் மண்ணுக்கு மேலே தென்படுபவை. இவற்றில் ஒன்று கையில் கிடைத்தால், அதன் சரியான பெயர் என்ன என்பதையும், ஒருவேளை அதற்குப் பெயரே இல்லையென்றால் எப்படிச் சூட்டுவது என்பதையும் முறையாக அறிய விரும்பும் முதுகலை மாணவர்களுக்காகவும் களப்பணியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். செதில்களை எண்ணுகிறார்கள், கையேட்டில் உள்ள எந்த இனத்தோடும் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று காண்கிறார்கள், உடனே புதிய சிற்றினம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சூட்டப்பட்டு, பிறகு வேறொரு பெயருக்குள் கரைக்கப்பட்டு, கவனிப்பாரற்றுக் கிடக்கும் பெயர்கள் பல உள்ளன. அவை ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகே "புதிய" என்ற சொல்லை எழுத வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றினால் முன்பு செய்த வேலையைத் திரும்பவும் செய்ய நேரும்.

1. அனுமதியும் இருப்பிடமும் முதலில்

பாம்பைத் தேடிப் போவதற்கு முன்பே, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஆய்வுக்கான எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றிருக்க வேண்டும். மலைச்சாலையில் வண்டி ஏறி நசுங்கிக் கிடக்கும் பாம்பை எடுப்பதற்கும் அந்த அனுமதி தேவை. செத்ததுதானே என்று எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் ஆய்வுக் கட்டுரையில் அந்த மாதிரியைக் குறிப்பிட முடியாமல் போகும்.

மாதிரி இறுதியில் எந்த நிறுவனத்தின் சேகரத்தில் வைக்கப்படும் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிட வேண்டும். உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன் 39-ஆம் பிரிவின்படி, புதிய உயிரினத்தைக் கண்டறிபவர் அதை அறிவிக்கப்பட்ட சேமிப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். மாதிரி கல்லூரி ஆய்வகத்தின் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டால், அதன் மேல் கட்டப்படும் பெயருக்கு அடித்தளம் இல்லை.

கருவிகள் குறைவுதான். இருகண் நுண்ணோக்கி, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் டிஜிட்டல் காலிப்பர், மெல்லிய பூச்சி ஊசிகள், மென்மையான தூரிகை, சாராயத்தில் கரையாத சீட்டுத் தாள், பென்சில் ஆகியவை போதும். பால்பாயின்ட் பேனாவால் சீட்டு எழுதுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அதன் மை எத்தனாலில் கரைந்துவிடும், அதோடு அந்த மாதிரியின் வரலாறும் கரைந்துவிடும்.

2. நிறமும் இடமும் அழிவதற்குள் பதிவு செய்தல்

உயிருடன் இருக்கும்போது அல்லது இறந்த சில மணி நேரத்துக்குள் படங்களை எடுத்துவிட வேண்டும். தலையின் மேற்புறம், இரு பக்கங்கள், தாடையின் அடிப்புறம், உடலின் நடுப்பகுதி, வயிறு, வாலின் மேற்புறம், வாலின் பக்கவாட்டு ஆகியவை கட்டாயம். மஞ்சளும் சிவப்பும் சாராயத்தில் வெளுத்து ஒரே வெண்மையாகிவிடும். பத்தாண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்கு வயிற்றுப் புள்ளி மஞ்சளா செம்மஞ்சளா என்பதற்கு உங்கள் படம் ஒன்றே சாட்சி.

இடக்குறிப்பில் "ஏற்காடு" என்றோ "வால்பாறை" என்றோ ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வது அடிக்கடி நிகழும் பிழை. மலையின் பெயர், அருகிலுள்ள சிற்றூர், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், காடா தோட்டமா சாலையோரமா என்ற விவரம், நாள், நேரம் அனைத்தும் வேண்டும். மண்ணுக்குள் வாழும் இந்தப் பாம்புகள் வெப்பமான சமவெளியைக் கடந்து இன்னொரு மலைக்குப் போவது அரிது; அதனால் ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் தனித்த இனம் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டி மலையிலிருந்து 2018-இல் யூரோபெல்டிஸ் பூபதியியும், கொல்லிமலையிலிருந்து 2020-இல் யூரோபெல்டிஸ் ராஜேந்திரனியும் விவரிக்கப்பட்டன. இரண்டிலும் இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தது முடிவுக்குப் பெரிய துணை.

3. ஃபார்மலினுக்கு முன் திசு

வரிசை இங்கே மிக முக்கியம். கல்லீரலிலிருந்தோ தசையிலிருந்தோ ஒரு சிறு துண்டை முதலில் எடுத்து, 95 சதவீத எத்தனாலில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அதன் பிறகே உடலுக்குள் 10 சதவீத ஃபார்மலினைச் செலுத்த வேண்டும். ஃபார்மலின் புரதங்களையும் டி.என்.ஏ.வையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பின்னர் அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம், செலவும் அதிகம்.

ஃபார்மலினில் ஊறும்போது பாம்பை நேராக, வயிறு எளிதில் தெரியும்படி கிடத்த வேண்டும். குப்பிக்குள் சுருட்டி அடைத்தால், இறுகிய பின் அது விரியாது. வயிற்றுச் செதில்களை எண்ண முயலும்போது முதுகெலும்பு முறியும். சில நாட்கள் கழித்துத் தண்ணீரில் நன்றாக அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்ற வேண்டும்.

எண் சீட்டைக் கழுத்தில் கட்டுவது மற்ற பாம்புகளுக்குச் சரி. கேடயவால் பாம்புக்குக் கழுத்து என்று தனியே ஒடுங்கிய பகுதி இல்லாததால், நூல் தலைப்பக்கமாக நழுவிக் கழன்றுவிடும். உடலின் நடுவில், செதிலை நெரிக்காத அளவில் கட்ட வேண்டும். திசுக் குப்பிக்கும் பாம்புக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

4. பேரினத்தைத் தீர்மானித்தல்

முதலில் இது கேடயவால்தானா என்று பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அதே ஈர மண்ணில், அதே கரும்பழுப்பு நிறத்தில், சைலோஃபிஸ் என்ற சிறிய பாம்பும் வாழ்கிறது. அதன் வயிற்றுச் செதில்கள் மற்றப் பாம்புகளைப் போல அகன்றவை. கேடயவாலின் வயிற்றுச் செதில்கள் பக்கத்துச் செதில்களை விடச் சற்றே பெரியவை, அவ்வளவுதான்.

சைலோஃபிஸைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுங்காலம் அதன் குடும்பம் எது என்பதில் ஐயம் நீடித்தது. 2019-இல் மரபணுச் சான்றின் அடிப்படையில் அது பேரெய்டே குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தால் அதற்குள் இருந்த சிற்றினங்களின் பெயர்கள் எதுவும் மாறவில்லை. வகைப்பாடு என்பது உறவைப் பற்றிய கருத்து, புதிய சான்று வந்தால் மாறும். பெயரிடல் என்பது விதிகளின்படி நடப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் ஒன்பதாம் படியில் திணறுவார்கள்.

கேடயவால்தான் என்று உறுதியானால், தாடையின் அடியையும் வாலையும் பார்க்க வேண்டும். தாடையின் நடுவில் நீளவாக்கில் பள்ளம் இருந்தால் மெலனோஃபிடியம் பேரினத்தை முதலில் எண்ணிப் பார்க்கலாம். யூரோபெல்டிஸிலும் ரைனோஃபிஸிலும் அந்தப் பள்ளம் இல்லை. ரோஸ்ட்ரல் எனப்படும் மூக்குநுனிச் செதில் பின்னோக்கி நீண்டு, இரு நாசிச் செதில்களையும் முழுமையாகப் பிரித்து, வால் நுனியில் முள்முள்ளான பெரிய குவிந்த கேடயம் இருந்தால் அது ரைனோஃபிஸ். கண் ஒரே செதிலுக்குள் பதிந்து, வால் சாய்வாக வெட்டினாற்போலத் தட்டையாகவோ, வரம்பு (மேடான கோடு) கொண்ட செதில்கள் மூடியதாகவோ இருந்து, நுனியில் இரு கூர்கள் உள்ள சிறிய செதில் காணப்பட்டால் யூரோபெல்டிஸ்.

வாலைப் பார்ப்பதற்கு முன் அதைக் கழுவ வேண்டும். வரம்புகளுக்கு இடையே மண் ஒட்டி, ஒரு மூடி போல இறுகியிருக்கும். மண்ணோடு பார்த்துவிட்டு, வால் தகடு வழுவழுப்பானது என்று குறிப்பெழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். தூரிகையால் நீரில் மெல்லத் துலக்கினால் செதிலின் மேல் இரண்டோ மூன்றோ வரம்புகள் வெளிப்படும். ஒரு செதிலுக்கு எத்தனை வரம்பு, தகட்டுக்குத் தெளிவான விளிம்பு உண்டா இல்லையா என்பவை பேரினத்துக்குள் குழுக்களைப் பிரிக்க உதவும் முதன்மையான கூறுகள்.

5. செதில் எண்ணிக்கை: எந்த முறை என்று எழுதாத எண்ணுக்குப் பயனில்லை

பெரும்பாலான பாம்புகளுக்கு 1951-இல் டவுலிங் வகுத்த முறை பின்பற்றப்படுகிறது. அதன்படி, இருபுறமும் முதுகுச் செதில்களின் முதல் வரிசையைத் தொடும் முதல் செதிலிலிருந்து வயிற்றுச் செதில்களை எண்ணத் தொடங்க வேண்டும். கேடயவாலில் வயிற்றுச் செதிலும் தொண்டைச் செதிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், அந்தத் தொடக்கப் புள்ளியை இருவர் ஒரே இடத்தில் வைப்பது அரிது. இந்தச் சிக்கலுக்காகவே கோவரும் ஆப்லெட்டும் 2006-இல் வேறொரு வழியை முன்வைத்தார்கள்: நடுக்கோட்டில், நீளத்தை விட அகலம் அதிகமாக உள்ள முதல் செதிலே முதல் வயிற்றுச் செதில்.

எந்த முறையை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகளில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், முறை இருக்காது. உங்கள் எண்ணும் பழைய எண்ணும் சில செதில்கள் வேறுபட்டால், அந்த வேறுபாடு பாம்பில் உள்ளதா, எண்ணியவரின் தொடக்கப் புள்ளியில் உள்ளதா என்று பிரித்தறிய முடியாது. அந்த நிலையில் பழைய மாதிரியையே மீண்டும் எண்ணுவது ஒன்றே வழி. ஏழாம் படியில் அதற்கு வருவோம்.

எண்ணும்போது ஒவ்வொரு பத்தாவது செதிலின் ஓரத்திலும் ஒரு பூச்சி ஊசியைச் செருகி வைத்தால் கணக்குத் தவறாது. மூன்று முறை, வெவ்வேறு நாட்களில் எண்ண வேண்டும். இன்னொருவர் உங்கள் எண்ணைப் பார்க்காமல் நான்காவது முறை எண்ணினால் மிகவும் நல்லது. மலவாய்ச் செதில் இரண்டாகப் பிரிந்தது, வயிற்றுச் செதில்களை விடத் தெளிவாகப் பெரியது; அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

முதுகுச் செதில் வரிசைகளை மூன்று இடங்களில் எண்ண வேண்டும்: தலைக்கு ஒரு தலைநீளம் பின்னே, உடலின் நடுவில், மலவாய்க்கு ஒரு தலைநீளம் முன்னே. நடு என்பதை நூலால் அளந்து குறிப்பதை விட, மொத்த வயிற்றுச் செதில்களில் பாதி எண் வரும் இடத்தைக் கொள்வது உறுதியானது, ஏனெனில் இறுகிய உடலின் நீளம் மாறியிருக்கும், செதில் எண்ணிக்கை மாறாது. உடலின் தடிமன் மொத்த நீளத்தில் எத்தனை பங்கு என்ற அளவைப் பழைய ஆசிரியர்கள் மிகவும் நம்பினார்கள். வண்டி நசுக்கிய பாம்பிலோ, ஃபார்மலினில் உப்பிய பாம்பிலோ அந்த அளவுக்கு மதிப்பில்லை என்பதை மனத்தில் வைத்தே அதை எழுத வேண்டும்.

பால் வேறுபாட்டை மறந்து ஒப்பிடுவது இன்னொரு பெரும் பிழை. ஆணின் வால் நீளமானது, வாலடிச் செதில்கள் பெண்ணை விட அதிகம். ஒரு மலையிலிருந்து கிடைத்த ஆணையும் அடுத்த மலையிலிருந்து கிடைத்த பெண்ணையும் ஒப்பிட்டு, வாலடிச் செதில் எண்ணிக்கை வேறு, ஆகவே இனமும் வேறு என்று எழுதிய வரைவைத் திருத்தியிருக்கிறேன். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

6. பழைய பெயர்கள் அனைத்தையும் திரட்டுதல்

முழு வேலையிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுவே, புதியவர்கள் மிக விரைவாகக் கடந்துபோவதும் இதையே. உங்கள் பாம்பு சேரக்கூடிய குழுவில் இதுவரை சூட்டப்பட்ட ஒவ்வொரு பெயரையும், இன்று செல்லுபடியாவது, ஒத்தபெயர் (ஒரே இனத்துக்குச் சூட்டப்பட்ட இன்னொரு பெயர்) என்று ஒதுக்கப்பட்டது என்ற பாகுபாடில்லாமல், ஓர் அட்டவணையாக எழுத வேண்டும். பெயர், சூட்டியவர், ஆண்டு, அப்போது வைக்கப்பட்ட பேரினம், மூல இடம் (பெயருக்கு அடிப்படையான மாதிரி கிடைத்த இடம்), மாதிரிகள் உள்ள அருங்காட்சியகம், அவற்றின் பதிவெண் என ஏழு பத்திகள் போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்பதற்கு ஏற்காட்டுப் பாம்பே விடை. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம், சேர்வராயன் மலையிலிருந்து கிடைத்த ஒரு பாம்புக்கு 1863-இல் சைலிபூரா ஷார்ட்டியி என்று பெயரிட்டார். பின்னர் அது யூரோபெல்டிஸ் செய்லானிகாவின் ஒத்தபெயராகக் கருதப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெயருக்குள்ளேயே கிடந்தது. 2014-இல் மறுஆய்வு செய்து, அது தனி இனமே என்று காட்டி, பழைய பெயரையே உயிர்ப்பித்தார்கள். அந்த அட்டவணை இல்லாமல் ஒருவர் ஏற்காட்டில் அதே பாம்பைக் கண்டிருந்தால், தனி இனம் என்று சரியாகவே உணர்ந்திருப்பார், ஆனால் புதுப்பெயர் சூட்டித் தவறியிருப்பார். விலங்குப் பெயரிடல் விதியில் முந்தைய பெயருக்கே உரிமை. புதுப்பெயர் பிறந்த அன்றே ஒத்தபெயராகிவிடும்.

தேடும்போது பேரினத்தின் பழைய பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். இன்று யூரோபெல்டிஸ் என்று நாம் சொல்லும் பாம்புகளில் பலவற்றை 1893-இல் பூலஞ்சர் தம் பட்டியலில் சைலிபூரா என்றே வைத்திருந்தார். 1943-இல் மால்கம் ஸ்மித் அவற்றை யூரோபெல்டிஸுக்குள் கொண்டுவந்தார். பெயரின் ஈற்றையும் மாற்றித் தேட வேண்டும். யூரோபெல்டிஸ் என்பது இலக்கணப்படி பெண்பால். அதனால் அதோடு வரும் பெயரடையும் பெண்பால் ஈறு பெற வேண்டும். ஸ்மித்தின் காலத்து எழுத்துகளில் செய்லானிகஸ், ஒசெல்லாட்டஸ் என்று இருப்பவை இன்று செய்லானிகா, ஒசெல்லாட்டா என்று எழுதப்படுகின்றன. ஒரே ஈற்றை மட்டும் கணினியில் தட்டினால் பாதி இலக்கியம் கண்ணில் படாது.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ஆனைமலை, பழனி, திருநெல்வேலி ஆகியவை அந்நாளைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடையாளம் தெரியாத அளவுக்குத் திரிந்திருக்கும். இடம் ஒன்றே என்று பெயரை வைத்து எண்ணிவிடவும் கூடாது: பெட்டோம் குறிப்பிடும் கோல்கொண்டா மலை விசாகப்பட்டினத்துக்கு அருகே உள்ளது, ஹைதராபாத்தை அடுத்த கோட்டை அன்று. அவரது மற்ற இடங்களையும் உயரக் குறிப்பையும் சேர்த்து வாசித்தால்தான் இது விளங்கும்.

சில பெயர்களில் உள்ள இடமே தவறு. யூரோபெல்டிஸ் செய்லானிகா என்ற பெயர் இலங்கையைச் சுட்டுகிறது. 1829-இல் குவியே பெயரிட்டபோது அப்படித்தான் கருதப்பட்டது. ஆனால் அந்தப் பாம்பு இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது, இலங்கையில் இல்லை. பொருள் தவறு என்பதற்காகப் பெயரை மாற்ற விதி அனுமதிப்பதில்லை. எனவே பெயரை வைத்து இடத்தை ஊகிக்கவும் கூடாது, இடம் பொருந்தவில்லை என்று பெயரை ஒதுக்கவும் கூடாது.

7. வகைமாதிரியைப் பார்த்தல்

ஒரு பெயர் எந்தப் பாம்பைக் குறிக்கிறது என்பதை இறுதியாகத் தீர்மானிப்பது அச்சிட்ட விவரிப்பு அன்று, அந்தப் பெயருக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட வகைமாதிரி. விவரிப்பில் பிழை இருக்கலாம், மாதிரி இருக்கும் வரை அதைத் திருத்த வழி உண்டு.

பெட்டோம் காலத்தில் ஒற்றை மாதிரியை ஹோலோடைப் என்று குறிப்பது வழக்கமாக இல்லை. அவர் பெயரிட்ட பல இனங்களுக்குச் சின்டைப் எனப்படும் மாதிரித் தொகுதிகளே உள்ளன. அந்தத் தொகுதிக்குள் இரண்டு இனங்கள் கலந்திருந்தால், அவற்றுள் ஒன்றை லெக்டோடைப்பாகத் தேர்ந்து வெளியிட்ட பிறகே பெயர் நிலைபெறும். எல்லாம் அழிந்துவிட்டது என்று உறுதியானால் மட்டுமே, அதுவும் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத் தேவைப்பட்டால் மட்டுமே, நியோடைப் ஒன்றைப் புதிதாக நிறுவலாம். மாதிரி எங்கே என்று தேடச் சோம்பல்பட்டு நியோடைப் நிறுவுவது பிறருக்குப் பெரும் தலைவலியைக் கொடுக்கும்.

பெட்டோமின் மாதிரிகளில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கே பழைய வகைமாதிரிகள் பலவற்றுக்கு 1946-இல் புதிய பதிவெண் கொடுக்கப்பட்டது, 1946.1 என்று தொடங்கும் எண்கள் அவை. ஆண்டைப் பார்த்து, இது பின்னால் வந்த மாதிரி, வகைமாதிரியாக இருக்க முடியாது என்று தள்ளிவிடக் கூடாது.

நேரில் போக இயலாதவர்கள் காப்பாளருக்கு எழுதிப் படம் கேட்கலாம். "படம் அனுப்புங்கள்" என்று பொதுவாக எழுதினால் பயனற்ற படமே வரும். தலையின் நான்கு கோணங்கள், வால் தகடு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், அளவுகோல் தெரிய முழு வயிறு, சீட்டின் இரு பக்கங்கள் என்று பட்டியலிட்டுக் கேட்க வேண்டும். சீட்டின் பின்பக்கத்தைக் கேட்க மறவாதீர்கள். சேகரித்தவரின் கையெழுத்தில் உள்ள மலைப்பெயர் சில வேளை அங்கேதான் இருக்கும்.

8. மூல இடத்திலிருந்து புதிய மாதிரி, பிறகு மரபணு

நூற்றைம்பது ஆண்டு ஊறிய வகைமாதிரியிலிருந்து மரபணு கிடைப்பது அரிது. அதனால் பழைய பெயர் எந்த மலையிலிருந்து வந்ததோ அந்த மலையிலிருந்தே புதிதாக ஒரு பாம்பைப் பெற்று, அது உருவத்தில் வகைமாதிரியோடு பொருந்துவதைக் காட்டி, அதன் மரபணு வரிசையை அந்தப் பெயரின் பிரதிநிதியாகக் கொள்ள வேண்டும். திண்டிகலென்சிஸ் என்ற பெயரோடு ஒப்பிட வேண்டுமென்றால், அதன் மூல இடமான சிறுமலையின் பாம்பிலிருந்து பெற்ற வரிசை வேண்டும். கொடைக்கானலில் பிடித்து, யாரோ அந்தப் பெயரிட்டு ஜென்பேங்கில் ஏற்றிய வரிசை அதற்கு ஈடாகாது. பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பெயரை அப்படியே நம்பாமல், சான்று மாதிரியின் எண் உண்டா, இடம் எது என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும்.

வரிசை வேறுபாடு இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் தனி இனம் என்று ஓர் எல்லையை வைத்துக்கொள்வது எளிது, ஆனால் அது போதாது. இரண்டு மலைகளின் பாம்புகளை மட்டும் எடுத்து, நடுவிலுள்ள மலையை விட்டுவிட்டால் வேறுபாடு பெரிதாகத் தெரியும். நடு மலையையும் சேர்த்தால் அது படிப்படியாகக் கரையலாம். மைட்டோகாண்ட்ரிய மரபணுவோடு உட்கரு மரபணுவும், செதிலும், வாலும், நிறமும் ஒரே திசையில் சுட்டும்போதுதான் முடிவுக்கு வலு.

9. முடிவெடுத்தல்

இந்த இடத்தில் நான்கு வாய்ப்புகள் உள்ளன. பாம்பு ஏற்கெனவே செல்லுபடியாகும் இனமாக இருக்கலாம். அப்போது புதிய இடப்பதிவு ஒன்றை வெளியிட்டால் போதும், அதுவும் மதிப்புள்ள பணியே. ஒதுக்கப்பட்ட பழைய பெயர் ஒன்றுக்குப் பொருந்தலாம். அப்போது அந்தப் பெயரை உயிர்ப்பிக்க வேண்டும். எந்தப் பெயருக்கும் பொருந்தாமல் உண்மையிலேயே புதிதாக இருக்கலாம். நான்காவது, மாதிரி போதாமல் முடிவெடுக்க இயலாதது. ஒரே ஒரு நசுங்கிய பாம்பு, பால் தெரியாத நிலையில் கையில் இருந்தால் நான்காவதை ஏற்றுக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பதே என் வழக்கம்.

பேரின மாற்றம் குறுக்கிட்டால் பெயர் எப்படி மாறும் என்பதற்கு இலங்கையின் பெரிய கேடயவால் நல்ல பாடம். ஃபிலிப்பினஸ் என்ற அடைப்பெயரோடு (பேரினப் பெயருக்கு அடுத்து வரும் இரண்டாம் சொல்), இலங்கைக்கே உரிய இரண்டு வேறு பாம்புகள் இருந்தன. இரண்டுக்கும் அந்த இடப்பெயர் பொருந்தாது. ஒன்று குவியே 1829-இல் பெயரிட்ட ரைனோஃபிஸ் ஃபிலிப்பினஸ். மற்றது முல்லர் 1832-இல் பெயரிட்ட, சூடோடிஃப்லாப்ஸ் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த பெரிய பாம்பு. பேரினங்கள் வேறாக இருந்தவரை சிக்கல் இல்லை. சூடோடிஃப்லாப்ஸ் உறவுமுறையில் ரைனோஃபிஸுக்குள்ளேயே அடங்குவதைக் கண்டு 2016-இல் இரண்டையும் இணைத்தபோது, ஒரே பேரினத்தில் ஒரே அடைப்பெயர் இரண்டு வந்தது. மூத்ததான குவியேயின் பெயர் நிலைத்தது. இளையதற்கு அடுத்து கிடைக்கும் பழைய பெயரைத் தேட வேண்டியதாயிற்று. கெலார்ட் 1853-இல் சூட்டிய சஃப்ரகாமஸ் கிடைத்தது. சபரகமுவவின் காலனி காலத்து வடிவம் அது. அந்தப் பாம்பு இன்று ரைனோஃபிஸ் சஃப்ரகாமஸ்.

இங்கே வகைப்பாட்டுக் கருத்து மாறியது முதலில், பெயர் மாறியது அதன் விளைவாக. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், ஆறாம் படியின் அட்டவணையில் ஒத்தபெயர்களை ஏன் விடக் கூடாது என்பது தெளிவாகும்.

10. பெயரை அமைத்தல்

ஓர் ஆணின் நினைவாகச் சூட்டினால் பெயரின் ஈற்றில் ஐ (i) எழுத்தும், பெண்ணின் நினைவாக என்றால் ஏஈ (ae) எழுத்துகளும் சேரும். பலரைச் சேர்த்துச் சிறப்பிக்க ஓரும் (orum), அனைவரும் பெண்கள் என்றால் ஆரும் (arum) என்ற ஈறுகள் உண்டு. பூபதியி, ராஜேந்திரனி ஆகிய பெயர்கள் முதல் முறையில் அமைந்தவை. முன்னது கோயம்புத்தூர்ப் பகுதியில் பணியாற்றி மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியையும், பின்னது கேடயவால் பாம்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்த எம்.வி. ராஜேந்திரனையும் நினைவுகூர்கின்றன. இடப்பெயருக்கு என்சிஸ் (ensis) ஈறு வழக்கம்.

பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு இயைய வேண்டும். ஆறாம் வேற்றுமைப் பெயரோ, ஒட்டுப்பெயரோ (பேரினப் பெயரோடு ஒட்டி நிற்கும் பெயர்ச்சொல்) அப்படி மாறாது. எது என்று ஆசிரியரே பெயர்க்காரணப் பத்தியில் எழுதிவிட்டால் பின்வருவோர் வாதிட வேண்டியதில்லை.

மூல எழுத்துக்கூட்டலைத் திருத்தக் கூடாது. திண்டுக்கல்லை இன்று ஆங்கிலத்தில் வேறு எழுத்தால் எழுதுகிறோம் என்பதற்காகத் திண்டிகலென்சிஸை மாற்ற முடியாது. ஷார்ட்டியியின் இரட்டை ஐ எழுத்தில் ஒன்றைக் குறைக்கவும் முடியாது.

சூட்டியவர் பெயரைப் பிறைக்குள் இடுவது அலங்காரம் அன்று. பெட்டோம் சைலிபூரா என்று பெயரிட்டதை இன்று யூரோபெல்டிஸில் வைப்பதால், யூரோபெல்டிஸ் திண்டிகலென்சிஸ் (பெட்டோம், 1877) என்று எழுதுகிறோம். பூபதியி முதலிலிருந்தே யூரோபெல்டிஸில் இருப்பதால் அதற்குப் பிறை கிடையாது.

தன் பெயரையே சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை. ஆய்வாளர் மரபு ஏற்பதில்லை.

11. வெளியீடு

1999-க்குப் பின் வெளியாகும் ஒரு புதிய சிற்றினப் பெயர் செல்லுபடியாக, அது புதிது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், பிற இனங்களிலிருந்து பிரிக்கும் கூறுகள் எழுதப்பட்டிருக்க வேண்டும், வகைமாதிரி குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், அது எந்தச் சேகரத்தில் வைக்கப்பட்டுள்ளது அல்லது வைக்கப்படும் என்ற கூற்றும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெயர் விதியின் கண்ணில் பிறக்கவே இல்லை. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012-இன் திருத்தப்படி, வெளியாவதற்கு முன்பே சூபேங்க் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவின் சான்றையும் வெளியீட்டு நாளையும் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும்.

ஒப்பீட்டுப் பகுதியில் அண்டை மலையின் இனங்களோடு மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். ஆறாம் படியின் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், ஒத்தபெயர்கள் உட்பட, உங்கள் பாம்பு எதனால் வேறு என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். நடுவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இனத்தின் பெயரைக் கட்டுரை வெளியாகும் முன் செய்தியாளரிடமோ, சமூக வலைத்தளத்திலோ சொல்லிவிடக் கூடாது. வகைமாதிரியின் சீட்டில் உள்ள பதிவெண்ணும் கட்டுரையில் அச்சாகும் பதிவெண்ணும் ஒன்றாக உள்ளனவா என்பதை அச்சுப்படி வரும் நாளில், குப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இலக்கம் இலக்கமாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.